அன்பிருந்தும் பிரிய நேர்ந்தால்...

நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று உடம்பைப் பற்றியே இப்பகுதியில் அதிகம் பேசி வந்திருக்கிறோம். இம்முறை மனதைப் பற்றிய ஒரு விடயம். இது எங்கள் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. ஆனால் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. ஒருவரை விரும்பிப் பழகிய பின், அல்லது திருமணம் பேசி நிச்சயித்த பின், "இது சரிவராது" என்று ஒருவருக்கு மனதில் பட்டுவிடுகிறது. அதை மற்றவருக்கு எப்படிச் சொல்வது?

அடி, உதை, ஏமாற்று என்று ஏதாவது இருந்தால் பிரிவதற்கான காரணத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது அதுவல்ல. மற்றவர் நல்லவர். அவர்மேல் அக்கறையும் இருக்கிறது. ஆனாலும் வாழ்க்கை முழுவதும் அவரோடு சேர்ந்து வாழ முடியாது என்று தெரிகிறது. இப்படிப்பட்ட பிரிவுதான் சொல்வதற்கு மிகக் கடினமானது.

ஒரு உதாரணம்

இப்படி ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 26 வயது. ரொறன்ரோவில் படித்து, இங்கேயே வேலை செய்கிறாள். பல்கலைக்கழகத்தில் பழக்கமான ஒரு தம்பியோடு நான்கு வருடமாக நட்பு, பின் காதல். இரு வீட்டாருக்கும் தெரியும். அவளுடைய அப்பாவை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்குவதுகூட அந்தத் தம்பிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு அவன்மேல் இருப்பது ஒரு சகோதர பாசம் போல மாறிவிட்டது.

அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று பயம். அதனால் தொலைபேசியை எடுப்பதைக் குறைத்தாள். "வேலை கூட" என்றாள். குறுஞ்செய்திக்கு மறுநாள் பதில் போட்டாள். இப்படியே எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் அவன், தான் என்ன பிழை விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தான். நித்திரை குறைந்தது. வேலையில் கவனம் போனது. அவனுடைய அம்மாவோ நல்ல நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் ஒருநாள் இரவு ஒரு குறுஞ்செய்தியில் எல்லாம் முடிந்தது.

பின்னர் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வேண்டாம் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பன். எட்டு மாதம் என்னை ஏன் அலைக்கழிச்சனீர்?"

அவள் கெட்ட பிள்ளை இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தாள். அந்த இரக்கம்தான் அவனை எட்டு மாதம் வதைத்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதைத்தான்: பிரிவில் நாம் காட்டக்கூடிய முதல் அன்பு, தெளிவாகச் சொல்வது.

ஏன் சொல்ல முடிவதில்லை?

இது எங்கள் சமூகத்துக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. 1993ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் அவருடன் சேர்ந்தவர்களும், ஒருதலைக் காதல் பற்றி இரு பக்கத்தாரிடமும் அனுபவங்களை எழுதி வாங்கி ஆராய்ந்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் பலர், மற்றவர் தமக்கு நம்பிக்கை தந்தார் என்றும், "வேண்டாம்" என்பதை ஒருபோதும் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் எழுதினார்கள். மறுத்தவர்களோ, தாம் பிழை செய்யவில்லை என்று நினைத்தும்கூட, மற்றவரை நோகடித்த குற்ற உணர்வு தமக்கு இருந்தது என்று எழுதினார்கள். அதாவது, இரு பக்கமும் நொந்துதான் போகிறது.

2018இல் சமந்தா ஜோயல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருக்கமானது. மற்றவர் இந்த உறவையே நம்பி இருக்கிறார் என்று நினைப்பவர்கள், தமக்கு விருப்பம் குறைந்த நிலையிலும் பிரியத் தயங்குகிறார்கள் என்று அது காட்டியது. தன்னலம் மட்டுமே இருந்தால் மனிதர் இப்படித் தயங்கமாட்டார்கள்.

இதற்கு மேல் எங்களுக்கென்று சில காரணங்களும் உண்டு. இரு குடும்பமும் பழகிவிட்டன. அம்மாவுக்கு இரத்த அழுத்தம். கோயிலில் கண்டால் எப்படி முகம் பார்ப்பது? "சனம் என்ன கதைக்கும்?" இவையெல்லாம் உண்மையான பாரங்கள்தான். ஆனால் நாள் போகப் போக இந்தப் பாரம் குறைவதில்லை, கூடுகிறது.

உடம்பில் என்ன நடக்கிறது?

"மனம் நொந்தது" என்று சும்மா சொல்வதில்லை. 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், விருப்பமில்லாமல் காதல் பிரிவுக்கு ஆளான 40 பேரின் மூளை படம்பிடிக்கப்பட்டது. பிரிந்து போனவரின் படத்தைக் காட்டியபோது வேலை செய்த பகுதிகளில் சில, கையில் சூடு வைத்து வலி கொடுத்தபோது வேலை செய்த பகுதிகளாகவே இருந்தன. பிரிவின் வலியை மூளை உடல் வலிக்கு நெருக்கமாகவே உணர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நித்திரை வராமை, பசியின்மை, நெஞ்சு இறுக்கம், வயிற்றுக் கோளாறு, தலையிடி என்பன பிரிவுக்குப் பின் சாதாரணமாக வருபவை. கடும் அதிர்ச்சியாலோ துயரத்தாலோ இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமடையும் ஒரு நோயும் உண்டு. 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் அதை விவரித்து, கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒக்டோபஸைப் பிடிக்கும் பானையின் பெயரால் 'டக்கோட்சுபோ' என்று அழைத்தார்கள். நோயின்போது இதயம் அந்தப் பானையின் வடிவத்தில் வீங்குவதே காரணம். மாதவிடாய் நின்ற பெண்களிலேயே இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே பிள்ளையின் பிரிவால் அதிர்ந்துபோன ஒரு தாய்க்கு நெஞ்சு வலி வந்தால், "கவலையால்தான்" என்று படுக்கவைக்காமல் உடனே 911ஐ அழையுங்கள்.

முடிவெடுக்கும் முன்

கோபத்தில் சொல்லும் "எல்லாம் முடிஞ்சுது" என்பது முடிவல்ல. உங்களிடமே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அவர் ஒரு விடயத்தை மாற்றினால் நான் இருப்பேனா?" ஆம் என்றால், பேச வேண்டியது அந்த விடயத்தைப் பற்றித்தான், பிரிவைப் பற்றி அல்ல. எதை மாற்றினாலும் முடியாது என்ற பதில் சில கிழமைகளாகத் தொடர்ந்து வருகிறதென்றால், முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மற்றவரின் நாள்.

பிரிவைப் பயமுறுத்தும் ஆயுதமாக ஒருபோதும் பாவிக்காதீர்கள். மூன்று தடவை "போறன்" என்று சொல்லித் திரும்பி வந்தவரை நான்காம் தடவை யாரும் நம்புவதில்லை.

எப்படிச் சொல்வது?

பிரியும் முறைகளைப் பற்றி 2012இல் தாரா கொலின்ஸ், ஓம்ரி கிலாத் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், மெல்ல மெல்ல விலகிப்போவது, மற்றவர் தானே வெறுத்துப் போகும்படி நடப்பது போன்ற முறைகள் அதிக மனவேதனையைத் தருவதாகவும், நேராகச் சொல்லும் முறையே இரக்கமுள்ளதாகக் கருதப்படுவதாகவும் கண்டார்கள். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. நேரில் சொல்லுங்கள். நான்கு வருட உறவை ஒரு குறுஞ்செய்தியில் முடிப்பது மற்றவரை அவமதிப்பது. ஒருவர் லண்டனிலும் மற்றவர் இங்கேயும் என்றால் முகம் பார்த்துப் பேசக்கூடிய அழைப்பில் சொல்லுங்கள்.

2. இடத்தையும் நேரத்தையும் யோசியுங்கள். சாப்பாட்டுக் கடையில் வேண்டாம். அழ நினைத்தாலும் அழ முடியாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டவே வேண்டாம். பனிகொட்டும் இரவில் அவர் தனியே நெடுந்தூரம் கார் ஓட்டிப் போக வேண்டிய நிலையிலும் வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாளும் பிறந்த நாளும் தவிர்க்கத்தக்கவை. ஆனால் முழுதும் பொருத்தமான நாள் ஒன்று வராது. தைப்பொங்கல், பரீட்சை, யாருடையாவது கலியாணம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

3. முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அரை மணித்தியாலம் காலநிலையைக் கதைத்துவிட்டுச் சொல்வது வேதனை. "நான் கனநாள் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திட்டன். எங்கட உறவைத் தொடர என்னால ஏலாது. உமக்கு இது நோகும் எண்டு எனக்குத் தெரியும்." இவ்வளவு போதும். "கொஞ்ச நாள் இடைவெளி எடுப்பம்", "இப்ப வேண்டாம், பிறகு பாப்பம்" என்ற பேச்சுகள் மென்மையாகத் தோன்றும். ஆனால் கேட்பவர் அந்தப் "பிறகு" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்.

4. காரணத்தை உண்மையாகவும் சுருக்கமாகவும் சொல்லுங்கள். குற்றப்பட்டியல் வாசிக்க வேண்டாம். "நீர் நல்லவர், ஆனா ஒரு துணையா என்னால உம்மை நினைக்க முடியேல்லை" என்பது நோகும், ஆனால் அவமானப்படுத்தாது.

5. பெற்றோரின் தலையில் போடாதீர்கள். இது எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. "அம்மா சம்மதிக்கேல்லை", "சாதகம் பொருந்தேல்லை" என்று பொய் சொன்னால் அவர் என்ன செய்வார்? பெரியவர்களைத் தூது விடுவார், இன்னொரு சாத்திரியாரிடம் போவார். ஒரு காரணமும் இல்லாமல் உங்கள் தாயை வெறுப்பார். பெற்றோர் உண்மையிலேயே எதிர்த்தாலும், "அவையை எதிர்த்து நிக்க நான் விரும்பேல்லை, இது என்ர முடிவு" என்று பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. கேளுங்கள், ஆனால் பேரம் பேசாதீர்கள். அழுகை வரும், கோபம் வரும். பதிலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு மாதம் தாரும், நான் மாறிக் காட்டுறன்" என்று கேட்டால், இரக்கத்தில் தலையாட்டிவிட வேண்டாம். ஒரு மாதத்தின் பின் இதே வேதனையை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டிவரும்.

7. அன்றைக்கே "நண்பர்களாக இருப்பம்" என்று சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் சொல்பவரின் குற்ற உணர்வைத்தான் ஆற்றும். சில மாதமாவது தொடர்பில்லாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. "சாப்பிட்டீரோ?" என்று இரவில் வரும் ஒரு குறுஞ்செய்தி ஆறத் தொடங்கிய புண்ணைத் திரும்பக் கிளறும். அவரின் சமூக வலைத்தளப் பக்கத்தை ஒளித்திருந்து பார்ப்பதும் அப்படித்தான். அக்கறை இருந்தால், அவருக்குச் சொல்லிவிட்டு, அவரின் நெருங்கிய நண்பரையோ சகோதரியையோ கூட இருக்கச் சொல்லுங்கள்.

8. நடைமுறை விடயங்களைப் பிறகொரு நாள் பேசி முடியுங்கள். பொருட்கள், கடன், யார் யாருக்கு எதைச் சொல்வது என்பன. அந்தரங்கப் படங்களை இருவரும் அழித்துவிடுவது நல்லது. ஒருவருடைய சம்மதமின்றி அவரது அந்தரங்கப் படத்தைப் பகிர்வது 2015ஆம் ஆண்டு முதல் கனடாவில் தனியான ஒரு குற்றம்.

நிச்சயித்த பின் என்றால்...

மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சில். ஊரிலிருந்து சித்தப்பாவுக்கு விசா விண்ணப்பித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்வது பெரிய காரியம்தான். ஆனால் மண்டபக் காசு போனால் திரும்ப உழைக்கலாம். விருப்பமில்லாத கலியாணத்தில் இரண்டு பேரின் வாழ்க்கை போகிறது.

முதலில் மணமகனுக்கோ மணமகளுக்கோ நேரில் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அதன்பின். மாமி ஒருவர் மூலம் மற்றவர் காதுக்கு எட்டுவது மிகக் கொடுமை. ஒன்ராறியோவில் திருமண வாக்குறுதியை மீறினார் என்று ஒருவர்மேல் வழக்குத் தொடர முடியாது. திருமணத்தை எதிர்பார்த்துக் கொடுத்த மோதிரம் போன்ற பரிசைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது, திருமணம் நின்றது யாருடைய பிழையால் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே நகையை வைத்துச் சண்டை பிடிக்காமல், வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது கௌரவம்.

ஒன்றைக் கவனியுங்கள். எங்களவர் பலர் கலியாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே எழுத்தை முடித்துவிடுகிறார்கள். எழுத்து முடிந்தால், தாலி கட்டாவிட்டாலும், சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். அதன்பின் பிரிவதென்றால் சட்ட நடவடிக்கை தேவை. கனடாவில் விவாகரத்துக்குப் பெரும்பாலும் காட்டப்படும் காரணம் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தமை. குடும்பச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் முதலே ஆலோசனை கேளுங்கள். மனதில் தயக்கம் இருப்பவர்கள் எழுத்துக்கு முன்பே வாயைத் திறப்பது நல்லது.

பெற்றோருக்கு

பிள்ளை வந்து சொல்லும்போது முதல் வார்த்தை என்னவாக இருக்கிறது என்பது முக்கியம். "எங்கட மானத்தை வாங்கிப்போட்டாய்" என்றால், அடுத்த தடவை பிள்ளை எதையுமே சொல்லாது. "நல்லா யோசிச்சியோ? நாங்கள் இருக்கிறம்" என்று சொல்லிப் பாருங்கள். காரணத்தை அன்றிரவே துருவிக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை கைவிடப்பட்டவர் என்றால், மற்றப் பிள்ளையைத் திட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். நேற்றுவரை தான் விரும்பிய ஒருவரைத் திட்டுவதைக் கேட்க உங்கள் பிள்ளைக்கு இன்னும் நோகும். அடுத்த கிழமையே வேறு சாதகம் தேடத் தொடங்கவும் வேண்டாம். சாப்பாட்டைக் கொடுங்கள், நடக்கக் கூட்டிப்போங்கள், பக்கத்தில் இருங்கள்.

வெளியார் கேட்டால் ஒரே பதில் போதும்: "ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தினம். ரெண்டும் நல்ல பிள்ளையள்." ஊர்க் கதை அதோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

மேலே சொன்ன "நேரில், தனிமையில்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. அடித்தவர், பின்தொடர்பவர், கைத்தொலைபேசியைப் பறித்துப் பார்ப்பவர், "உன்னை விடமாட்டன்" என்று மிரட்டுபவர் ஆகியோரிடம் தனியே போய்ச் சொல்ல வேண்டாம். பிரியும் நேரமே அத்தகைய உறவுகளில் ஆபத்துக் கூடிய நேரம். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் குறையில்லை. பயப்படும்படி தொடர்ந்து பின்தொடர்வதும் தொந்தரவு செய்வதும் இங்கே குற்றம். ஆபத்து என்றால் 911.

"நீ போனா நான் செத்துப்போவன்" என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் மிரட்டல் என்று விட்டுவிடவும் வேண்டாம், அதற்காக உறவில் தொடரவும் வேண்டாம். அவரைக் காப்பாற்றும் பொறுப்பை நீங்கள் ஒருவரே தனியே சுமக்க முடியாது. அவரின் குடும்பத்துக்கு உடனே அறிவியுங்கள். அந்த நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து என்றால் 911ஐ அழையுங்கள். கனடாவில் 2023 நவம்பர் 30 முதல் 988 என்ற இலக்கம் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காகவும், அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்காகவும் இரவு பகலாக இயங்குகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உதவி கிடைக்கும். உங்கள் பகுதியில் உள்ள சமூக சேவைகளை அறிய 211ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

வைத்தியரை எப்போது பார்ப்பது?

பிரிவின் துயரம் ஒரு நோயல்ல. அது மெல்ல மெல்லக் குறையும், இடையில் கூடும், பின்னும் குறையும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து, எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டு, வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். குடிப்பழக்கம் கூடினாலும் போங்கள். பிரிந்து போனவர் மட்டுமல்ல, பிரிவைச் சொன்னவரும் போகலாம். "நான்தானே வேண்டாம் எண்டனான், எனக்கென்ன கவலை" என்று அடக்கிக்கொள்பவர்கள் பலர். நேசித்த ஒருவரை நோகவைத்த பாரம் அவர்களுக்கும் உண்டு.

அந்த 26 வயதுப் பிள்ளையிடம் திரும்ப வருவோம். முதல் மாதத்திலேயே அவள் சொல்லியிருந்தாலும் அவன் அழுதிருப்பான். அவளும் அழுதிருப்பாள். வலி இல்லாத பிரிவு என்று ஒன்றில்லை. ஆனால் அந்த எட்டு மாதமும் அவன் தன்னில் பிழை தேடியிருக்க மாட்டான். நான்கு வருடம் தன்னோடு பழகியவள் தனக்கு உண்மையைச் சொன்னாள் என்ற மரியாதையாவது அவனுக்கு மிஞ்சியிருக்கும்.

இப்படி ஒரு வார்த்தையை மனதுக்குள் வைத்துக்கொண்டு திரியும் ஒரு மகனோ மகளோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.